மானிட்டர் கேலிபரேஷன்: படத்தின் நிறத்தைத் தொடுவதற்கு முன்

நான் திருத்தி அனுப்பிய ஒரு திருமண ஆல்பத்தில், மணப்பெண்ணின் அரக்கு நிறக் கூரைப்புடவை ஏறக்குறையக் கருப்பாகவே அச்சாகி வந்தது. ஜரிகை தெரிந்தது, கொசுவத்தின் மடிப்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. பிரிண்ட் போட்டவர்கள்தான் தவறு செய்துவிட்டார்கள் என்று நினைத்தேன். திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கும் கலரிமீட்டர் என்ற கருவியைக் கடன் வாங்கி அளந்தபோது, என் திரை சதுர மீட்டருக்கு 280 கேண்டெலா வெளிச்சத்தில் எரிவது தெரிந்தது. அச்சுக்கான படத்தைத் திருத்த 80 முதல் 120 வரை போதும். அவ்வளவு பிரகாசத்தில் பார்த்துக்கொண்டு, படத்தை நானே இருட்டாக்கி அனுப்பியிருக்கிறேன். ஆகவே, புதிதாகத் தொடங்குபவர்கள் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்பே பிரைட்னஸைச் சரிசெய்ய வேண்டும் என்பேன்.

திரையின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அளந்து சரியான அளவுக்குக் கொண்டுவருவதுதான் கேலிபரேஷன். முதலில் மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அதன் வெளிச்சமும் நிறமும் நிலைபெற அவ்வளவு நேரம் தேவை. நைட் லைட், டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு, அறை வெளிச்சத்துக்கேற்பத் தானாக மாறும் பிரைட்னஸ் ஆகிய அனைத்தையும் அணைத்துவிட்டு, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்க இடம் தரும் யூசர் மோடைத் தேர்ந்தெடுங்கள். ஜன்னல் வெளிச்சம் திரையில் நேராக விழக் கூடாது.

விண்டோஸிலேயே கண்ணால் பார்த்துச் சரிசெய்யும் வசதி உண்டு. தேடல் பெட்டியில் ‘கேலிபரேட் டிஸ்ப்ளே கலர்’ என்று தேடினால் அது கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி ஆல்பம் வேலை செய்யாதீர்கள். மஞ்சள் பல்பின் கீழும் வெள்ளைத்தாள் நமக்கு வெள்ளையாகவே தெரிவதைப் போல, திரையில் எந்தச் சாயல் ஏறியிருந்தாலும் சிறிது நேரத்தில் கண் அதற்குப் பழகிவிடும். கலரிமீட்டர் அப்படிப் பழகுவதில்லை.

கலரிமீட்டரின் மென்பொருளையோ, இலவசமாகக் கிடைக்கும் டிஸ்ப்ளேகாலையோ திறந்ததும், உங்கள் மானிட்டர் எந்த வகை என்று கேட்கும். சாதாரண வெள்ளை எல்இடியா, விரிந்த நிறவெளி கொண்டதா (அதாவது, வழக்கத்தைவிட அதிக நிறங்களைக் காட்டக்கூடியதா) என்பதை மானிட்டரின் விவரக்குறிப்பைப் பார்த்துச் சரியாகச் சொல்லுங்கள். இங்கே தவறினால் அளவீடு முழுவதும் பிசகும். பிறகு வெண்புள்ளியை (வெள்ளை எந்தச் சாயலில் தெரிய வேண்டும் என்பது) 6500 கெல்வின் (டி65), காமாவை (கருப்பிலிருந்து வெள்ளைவரை வெளிச்சம் ஏறும் விதம்) 2.2, வெளிச்சத்தை 100 கேண்டெலா என்று கொடுங்கள். மானிட்டரைச் சற்றுப் பின்னால் சாய்த்து, கருவி திரையின் நடுவில் இடைவெளியின்றிப் படியும்படி வையுங்கள்.

இனி மானிட்டரின் பொத்தான்களுக்கு வேலை. முதலில் பிரைட்னஸைக் குறைத்து, கருவி காட்டும் அளவீட்டை 100 கேண்டெலாவுக்குக் கொண்டுவாருங்கள். அடுத்து மூன்று நிறங்களின் அளவீடுகளைப் பார்த்து, குறைவாக இருப்பதை ஏற்றுவதற்குப் பதிலாக மிகையாக இருப்பதை இறக்குங்கள். என் மானிட்டரில் நீலம்தான் மிகுந்திருந்தது. அதை 100-லிருந்து 88-க்கு இறக்கியதும் வெள்ளை சீரானது. நிறத்தை இறக்கினால் வெளிச்சமும் சற்றுக் குறையும் என்பதால், பிரைட்னஸை மறுபடி ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். பின்னர் மென்பொருள் நிறக்கட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டி அளந்து முடிக்கும்வரை எதையும் தொட வேண்டாம்.

முடிவில் உருவாகும் ஐசிசி புரொஃபைலை (உங்கள் திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்பதைக் குறிக்கும் கோப்பு) சேமித்தால், மென்பொருளே அதை அந்த மானிட்டருக்கு அமைத்துவிடும். போட்டோஷாப் திறந்திருந்தால் மூடிவிட்டு மறுபடி திறவுங்கள். தொடக்கக்காரர்கள் பலர் தவறுவது இதன் பிறகுதான்: மானிட்டர் புரொஃபைலையே போட்டோஷாப்பின் வொர்க்கிங் ஸ்பேஸாக (படத்தைத் திருத்தப் பயன்படும் நிறவெளி) அமைத்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் எல்லோருக்கும் பொதுவான நிறவெளிகளான எஸ்ஆர்ஜிபியோ அடோபி ஆர்ஜிபியோதான் இருக்க வேண்டும்; மானிட்டர் புரொஃபைல் உங்கள் திரைக்கு மட்டுமே உரியது. பிரிண்ட் போடும் லேப் வேறு எதுவும் கேட்காதவரை, எஸ்ஆர்ஜிபியிலேயே படத்தை அனுப்புங்கள்.

சரிபார்ப்பதற்கு, கருப்பிலிருந்து வெள்ளைவரை செல்லும் சாம்பல் பட்டை ஒன்றைத் திறந்து, எங்கேனும் பச்சையோ இளஞ்சிவப்போ படிந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, அடர்நிறப் பட்டும் முகமும் சேர்ந்த ஒரு படத்தைச் சிறிய அளவில் பிரிண்ட் எடுத்து, நல்ல வெளிச்சத்தில் திரையுடன் ஒப்பிடுங்கள். அந்தக் கூரைப்புடவைப் படத்தை நான் இப்படித் திருத்தி மறுபடி அச்சிட்டபோது, கொசுவ மடிப்புகளை எண்ண முடிந்தது.

மாதம் ஒருமுறை இதைத் திரும்பச் செய்யுங்கள். பிரைட்னஸ், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய நான்கின் எண்களையும் ஒரு சீட்டில் எழுதி மானிட்டரின் பின்புறம் ஒட்டிவையுங்கள். வீட்டில் யாரேனும் பொத்தானைத் தொட்டுவிட்டாலும் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.