கெப்னெகைசே: கணக்கில் தொடங்கும் தவறுகள்

ஸ்வீடனின் மிக உயர்ந்த மலையான கெப்னெகைசே 2100 மீட்டரைக்கூடத் தொடாது. ஆளை ஏமாற்றுவது இந்த எண்தான். கயிறு கட்டி ஏறத் தெரியாதவர்களும் போய்வரக்கூடிய பாதை ஒன்று உண்டு என்று வேறு கேள்விப்படுகிறோம். உண்மைதான். ஆனால் முழங்கால் விட்டுப்போய்ப் பாதியில் திரும்புகிறவர்களும் அதே பாதையில்தான் திரும்புகிறார்கள். அவர்களில் பலருடைய கணக்கு, வீட்டில் வரைபடத்தை விரித்தபோதே தப்பியிருக்கும்.

முதலில் மலை எங்கே தொடங்குகிறது என்பதில் ஒரு குழப்பம். கிருனா நகரத்திலிருந்து பேருந்தில் போனால் நிக்கலுவோக்தா என்ற சிற்றூரில் சாலை முடிந்துவிடும். அங்கிருந்து மலையடிவார விடுதிக்கு 19 கிலோமீட்டர் நடை. முதுகில் முழு மூட்டையோடு இதை நடந்து முடித்து, மறுநாள் காலையிலேயே சிகரம் என்று திட்டம் போடுகிறவர்கள், ஏறத் தொடங்கும்போதே பாதி களைத்திருப்பார்கள். வழியில் ஒரு ஏரி வரும். கோடையில் அதில் படகு ஓடுகிறது. ஏறிக்கொண்டால் சுமார் 6 கிலோமீட்டர் மிச்சம். "நடக்க வந்துவிட்டுப் படகா?" என்று வீம்பு பிடிக்க வேண்டாம். படகுத்துறைப் பக்கம் கலைமான் இறைச்சி பர்கரும் கிடைக்கும்.

அடுத்ததுதான் பெரிய தவறு. பெரும்பாலோர் போவது வேஸ்ட்ரா லேடன் என்ற மேற்குப் பாதை. விடுதி ஏறக்குறைய 690 மீட்டரில் இருக்கிறது, சிகரம் 2100-க்குச் சற்றுக் கீழே. கழித்துப் பார்த்தால் 1400 மீட்டர் ஏற்றம், அவ்வளவுதானே என்று தோன்றும். நடுவில் வியெரன்வாரி என்று இன்னொரு மலை நிற்பதை இந்தக் கழித்தல் காட்டாது. அதன் உயரம் 1711 மீட்டர். அதன் உச்சி வரை ஏறி, மறுபக்கம் சுமார் 200 மீட்டர் இறங்கி, அங்கிருந்துதான் கெப்னெகைசேயில் ஏற வேண்டும். இறங்கி நிற்கும் பள்ளத்துக்குக் காஃபெடாலன், அதாவது காப்பிப் பள்ளத்தாக்கு, என்று பெயர். பெயருக்கேற்ப எல்லோரும் அங்கே உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். சரி, சிகரத்தைப் பார்த்தாயிற்று, இனி இறக்கம்தான் என்று திரும்பினால் அதே 200 மீட்டரை மறுபடியும் ஏறியாக வேண்டும். ஆக மொத்த ஏற்றம் 1800 மீட்டருக்குப் பக்கம். வழி நெடுகக் கல்லும் கரடும். வேகமாக நடக்க முடியாது. போய்வர 10 முதல் 14 மணி நேரம் வைத்துக்கொள்வது நல்லது. நான் பார்த்தவரை, எவ்வளவு பலம் பாக்கி இருக்கிறது என்று யோசிக்க வேண்டிய இடம் சிகரம் கிடையாது, காப்பிப் பள்ளத்தாக்குதான். அங்கேயே கால் நடுங்கினால் திரும்பிவிடுங்கள்.

"கிழக்குப் பாதை தூரம் குறைவாமே, நாமே போய்விடலாம்" என்று நினைப்பது அதைவிட மோசம். தூரம் குறைவுதான். ஆனால் அது பியோர்லிங் பனியாற்றைக் கடந்து போகிறது. (வடதுருவப் பக்கம் பயணம் போய் 1892-இல் காணாமல் போன இளைஞர் பியோர்லிங்கின் பெயர் அது.) பனியாற்றில் வெடிப்புகள் இருக்கும். புதுப்பனி விழுந்து மூடிவிட்டால் வெடிப்பு இருப்பதே தெரியாது. எல்லோரும் ஒரே கயிற்றில் பிணைந்து நடந்தால்தான் ஒருவர் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க முடியும். அதைத் தாண்டினால் பாறையில் பொருத்திய இரும்புக் கம்பியைப் பிடித்து ஏறும் பகுதி. இங்கே வழிகாட்டியோடு போவதுதான் முறை. விடுதியிலேயே ஏற்பாடு செய்கிறார்கள். கோடையில் இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு தேவை.

மலைக்குத் தெற்கு, வடக்கு என்று இரண்டு சிகரங்கள்; மேற்குப் பாதை போவது தெற்குச் சிகரத்துக்கு. எது உயரம் என்பதிலும் இப்போது குழப்பம் வந்திருக்கிறது. பள்ளிப் புத்தகங்களில் வெகுகாலம் 2111 மீட்டர் என்று அச்சாகிவந்தது தெற்குச் சிகரம். அதன் தலையில் இருப்பது பனியாறு, அது உருகிக்கொண்டே வருகிறது. 2019-இல் அளந்தபோது, 2096.8 மீட்டர் உயரமுள்ள வடக்குச் சிகரத்தைவிட அது தாழ்ந்துபோயிருந்தது. வடக்குச் சிகரம் பாறை என்பதால் அதன் உயரம் மாறுவதில்லை. இதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தூரம் வந்தாயிற்று, உண்மையான உச்சியையும் தொட்டுவிடுவோம்" என்று தெற்கிலிருந்து வடக்கே கிளம்பிவிடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் கத்திமுனை போன்ற முகடு, இரு பக்கமும் செங்குத்துச் சரிவு. அதற்குக் கயிறும் பனிக்கோடரியும் அவற்றைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும் வேண்டும். சில மீட்டருக்காக இந்த வம்பு எதற்கு?

தெற்குச் சிகரத்தின் கடைசிப் பகுதியிலும் கவனம் தேவை. மேலே உள்ள பனிமேடு குறுகலானது. பகலில் இளகியிருக்கும், குளிர்ந்தால் கண்ணாடிபோல இறுகிவிடும். காலணியில் மாட்டும் கிராம்பான் என்ற இரும்புப் பற்களை எடுத்துப் போகாதவர்கள் அந்த மேட்டின் அடியிலேயே நின்றுவிடுவது உத்தமம். மூடுபனி இறங்கிவிட்டால் வழி காட்டும் கற்குவியல்களும் பாறையில் பூசிய சிவப்புக் குறிகளும் கண்ணுக்குத் தெரியாது. வழிதவறினால் செங்குத்துச் சரிவுக்குப் போய்விட வாய்ப்பு உண்டு. 2012 மார்ச்சில் நார்வே ராணுவ விமானம் ஒன்று இந்த மலையிலேயே மோதி ஐந்து பேர் இறந்தார்கள். அன்றும் வானிலை மோசம்.

மூடுபனி என்று தெரிந்தும் ஏன் போகிறார்கள்? மறுநாள் விமானம் என்பதால்தான். சிகரத்துக்கு ஒரே ஒரு நாளை ஒதுக்கினால் அந்த நாள் எப்படி விடிந்தாலும் போகத்தான் தோன்றும். இரண்டு நாளாவது கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்; மழை பெய்தால் விடுதியில் படுத்துத் தூங்கலாம். எல்லாத் தவறையும் விட்டு ஒன்றை மட்டும் திருத்த முடியுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் பருவம். ஜூலையில் போனவர் "மத்தியானம் கிளம்பினோம், ஒன்றும் ஆகவில்லை" என்பார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே உள்ள இடம். அப்போது இரவிலும் வெளிச்சம் இருக்கும், அவர் சொன்னது அவருக்குச் சரி. அதையே நம்பி செப்டம்பரில் மத்தியானம் கிளம்பினால் திரும்பும்போது வியெரன்வாரியின் கற்களில் இருட்டில் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நெற்றியில் கட்டும் டார்ச் அவசியம். ஜூனில் வேறு சிக்கல்: பாதையின் பெரும்பகுதி பனிக்கடியில் இருக்கும்.

உடையைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. ஜீன்ஸும் பருத்தி பனியனும் நனைந்தால் காயாது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் பூஜ்ஜியத்துக்குக் கீழே போகலாம். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், காகித வரைபடமும் திசைகாட்டியும் இருக்கட்டும். எப்போது திரும்புவோம் என்று விடுதியில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். அவசர எண் 112.

கடைசியாக, திரும்பும் நாள். சிகரம் ஏறிய மறுநாள் கால் கட்டைபோல இருக்கும். அந்தக் காலோடு நிக்கலுவோக்தாவுக்கு 19 கிலோமீட்டர் நடந்து, பேருந்து கிளம்புவதற்குள் சேர வேண்டும். படகு, பேருந்து இரண்டின் கடைசி நேரத்தையும் போகும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.