சாலை போகாத லிவிங்ஸ்டனுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் கரீபியன் கரையில், ரியோ துல்சே ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிறது லிவிங்ஸ்டன். பஸ், கார் எதுவும் போகாது, படகுதான். கரிஃபுனா மக்களின் ஊர் என்று பெயர் பெற்றது. ஆப்பிரிக்கர்களும் தீவுப் பழங்குடிகளும் கலந்து செயின்ட் வின்சென்ட் தீவில் உருவான இனம் இது. 1797-இல் பிரிட்டிஷார் இவர்களை ஹோண்டுராஸ் அருகிலுள்ள ரொவாத்தான் தீவுக்கு நாடு கடத்த, அங்கிருந்து இந்தக் கரையெங்கும் பரவினார்கள்.

காலையில் வந்து மாலையே கிளம்பிவிடும் கூட்டத்தில் சேராதீர்கள். இரண்டு இரவாவது தங்குங்கள்.

1. எப்போது போவது என்று முடிவு செய்யுங்கள்
நவம்பர் 26 குவாத்தமாலாவில் கரிஃபுனா தினம். முன்னோர் கரையேறியதை அன்று படகில் வந்து நடித்துக் காட்டுவார்கள். அறைகள் சீக்கிரம் நிரம்பிவிடும், முன்பதிவு அவசியம். ஊருக்குப் பக்கத்துக் காட்டிலுள்ள அருவிதான் முக்கியம் என்றால் பிப்ரவரி முதல் மே வரையிலான வறண்ட மாதங்களைத் தவிருங்கள்.

2. ஆற்று வழியாகப் போய், கடல் வழியாகத் திரும்புங்கள்
தலைநகரிலிருந்து பஸ்ஸில் ரியோ துல்சே ஊருக்கு வந்து, அங்கே படகு ஏறுங்கள். கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். முதலில் ஏரி போல விரியும் எல் கோல்ஃபெட்டே. இது கடற்பசு வாழும் நீர்ப்பகுதி, ஆனால் கண்ணில் படுவது அதிர்ஷ்டம். அப்புறம் ஆறு குறுகி, இருபுறமும் பாறைச்சுவர் எழும்பும். சுவர் முழுக்கக் காடு. கிளைகளில் கொக்குகள், நீரோரத்தில் அல்லி. போனை, பாஸ்போர்ட்டை பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள், தண்ணீர் தெறிக்கும். ஊரில் ஏடிஎம்மை நம்பாமல் கெட்சால் நோட்டுகளை முன்பே எடுத்து வையுங்கள்.

3. பசியோடு தபாடோ சொல்லுங்கள்
தேங்காய்ப்பாலில் முழு மீன், நண்டு, இறால், வாழைக்காய் எல்லாம் சேர்ந்த சாறு. பெரிய கிண்ணத்தில் நண்டுக் கால்கள் விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டு வரும். சாற்றைக் கரண்டியால் குடியுங்கள், மற்றதற்குக் கைதான். புளியும் காரமும் எதிர்பார்க்காதீர்கள். ருசி தேங்காயிலும் மீனிலும்தான். சமைக்க நேரமெடுக்கும், அவசரப்படுத்தாதீர்கள். தெருவில் விற்கும் தேங்காய் ரொட்டியைக் காலை உணவுக்கு வாங்கிக்கொள்ளலாம். வேரும் மூலிகையும் ஊறிய ரம்மான கிஃபிட்டி கசப்பு. ஒரு மடக்கில் நிறுத்துவது நல்லது!

4. சியெட்டே அல்தாரெஸ்
ஊருக்கு வடமேற்கே, காட்டுக்குள் படிப்படியாக இறங்கும் அருவியும் குளங்களும். கடற்கரையோரம் நடந்தும் போகலாம், தனியாக மட்டும் வேண்டாம். உள்ளூர் வழிகாட்டியோடு போங்கள். பாறை வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு போடுங்கள். கொசு மருந்தும் வேண்டும்.

5. இரவில் மேளம் கேளுங்கள்
குடைந்த மரத்தில் தோல் கட்டிய மேளங்கள் இரண்டு. செகுந்தா தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க, பிரிமேரா அதன்மேல் விளையாடும். ஆடுவது புந்தா: கால் தரையை விட்டு அதிகம் எழாது, இடுப்புதான் ஓடும். துக்க வீட்டிலும் ஆடுவதுண்டு என்பதால், வெறும் கேளிக்கையாகப் பார்க்க வேண்டாம். கரிஃபுனா மொழி, ஆட்டம், இசை மூன்றையும் 2001-இல் யுனெஸ்கோ மானுட மரபுச் செல்வமாக அறிவித்தது. படமெடுக்கும் முன் கேளுங்கள், வாசித்தவர்களுக்குப் பணம் கொடுங்கள்.

6. திரும்புதல்
கடல் வழியாகத் துறைமுக நகரான புவெர்ட்டோ பாரியோஸுக்குத் திரும்பக் காலைப் படகே மேல். பிற்பகலில் காற்று ஏறி அலை தூக்கிப் போடும். பெலீஸின் புந்தா கோர்டாவுக்குச் சில நாள்களில் மட்டும் படகு உண்டு. அப்படிப் போவதானால் முந்தின நாளே ஊரிலுள்ள குடிவரவு அலுவலகத்தில் விசாரித்து, வெளியேறும் முத்திரையை வாங்கிக்கொள்ளுங்கள்.