'யூ ஆர் மை குளோரி' பார்க்கப் போகிறீர்களா? விளையாட்டுக் காட்சிகளை ஓடவிடுங்கள்

32 அத்தியாயம் என்று மலைக்க வேண்டாம். கைப்பேசி விளையாட்டுத் திரை வரும் இடங்களை மட்டும் 1.5 வேகத்தில் ஓடவிடுங்கள்; பேச்சு தொடங்கியதும் இயல்பு வேகத்துக்கு வந்துவிடுங்கள். தொடக்க, இறுதிப் பாடல்களை முதல் தடவைக்குப் பிறகு தாண்டிவிடலாம். அத்தியாயத்துக்கு 4 நிமிடம் என்று வைத்தாலே 2 மணி நேரத்துக்கு மேல் மிச்சம்.

2021-இல் வந்த இந்தச் சீனத் தொடரில் தில்ராபா தில்முராத் பிரபல நடிகை. 'ஆனர் ஆஃப் கிங்ஸ்' விளையாட்டின் விளம்பரத் தூதரான அவருக்கு அதைச் சரியாக ஆடத் தெரியாது. கற்றுக்கொடுக்க வருபவர் பழைய பள்ளித் தோழன், விண்வெளிப் பொறியாளர் யாங் யாங். யார் ஜெயித்தார் என்பதில் கதை இல்லை. ஆட்டம் முடிந்து இருவரும் பேசிக்கொள்வதில்தான் இருக்கிறது. அதனால் வேகமாக ஓட்டினாலும் எதுவும் விட்டுப்போகாது. நட்சத்திரக் காதல் என்றாலே சண்டை, சதி, பிரிவு என்று பயந்துதான் உட்கார்ந்தேன். இவ்வளவு இதமாக இருக்கும் என்று எதிர்பார்க்கவே இல்லை.

விண்வெளி வேலையை விடுவதா வேண்டாமா என்று அவன் தவிக்கும் காட்சிகளில் மட்டும் கை வைக்காதீர்கள். மெதுவாகப் போகும், ஆனால் அவனைப் புரிந்துகொள்வது அங்கேதான். அப்புறம், நீங்களே அந்த விளையாட்டை ஆடுபவர் என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு இல்லை. துணையெழுத்தை நிதானமாகப் படிக்கும் பெரியவர்களோடு பார்க்கும்போதும் வேகத்தைக் கூட்ட வேண்டாம்.