நேற்று வரை கூட்டாளி, இன்று சூப்பர்வைசர்: எங்கே ஆரம்பிப்பது?

பதவி உயர்வு வந்த கையோடு எதையாவது மாற்றிக் காட்டத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஆபத்தான விஷயம் எதுவும் கண்ணில் படாதவரை, முதல் சில வாரங்கள் நடப்பதைப் பார்த்தாலே போதும்.

படி 1: உங்கள் எல்லையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்
மேனேஜரிடமே கேளுங்கள். லீவு நானே கொடுக்கலாமா? ஓவர்டைமுக்கு யார் கையெழுத்து? ஷிப்ட் மாற்ற யாரைக் கேட்க வேண்டும்? முன்பு இருந்தவர் யாருக்காவது வாய்வார்த்தையாக ஏதும் ஒத்துக்கொண்டாரா என்றும் விசாரியுங்கள். "அவர் சரின்னு சொன்னாரே" என்று யாராவது வந்து நிற்பார்கள்.

படி 2: ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுங்கள்
வேலையில் எது இடைஞ்சல் என்று கேளுங்கள். கேட்டால் போதும், வாக்குக் கொடுக்க வேண்டாம். இதே பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் உங்கள் குழுவில் இருந்தால் முதலில் அவரிடம் போங்கள்.

படி 3: வேலையை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுங்கள்
கெட்டிக்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். 'சொல்லிக் கொடுக்கிற நேரத்தில் நானே முடித்துவிடுவேன்' என்று இறங்கினால், கடைசிவரை நீங்கள்தான் செய்துகொண்டிருப்பீர்கள். "ஸ்டாக்கைக் கொஞ்சம் பாருங்க" என்று பொதுவாகச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். "மூணாவது ரேக்கை எண்ணி, நாலு மணிக்குள்ள லிஸ்ட்டை என்கிட்ட கொடுங்க" என்று ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் நாலு மணி வரை பின்னாலேயே போய் நிற்காதீர்கள்.

படி 4: நண்பரையும் கண்டிக்கப் பழகுங்கள்
உங்களோடு டீ குடிக்கிறவர்தான் முதலில் தாமதமாக வருவார். மற்றவர்கள் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைக்கே, தனியாகக் கூப்பிட்டு, நடந்ததை மட்டும் சொல்லுங்கள். "எப்பவும் லேட்டுதான் நீ" என்றால் சண்டைதான் வரும். "இன்னைக்கு இருபது நிமிஷம் லேட். நைட் ஷிப்ட் ஆள் வீட்டுக்குப் போக முடியாம நின்னாரு. என்ன ஆச்சு?" என்றால் பதில் வரும். காரணத்தை முழுசாகக் கேளுங்கள். நாளை முதல் என்ன செய்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். பாராட்டு மட்டும் எல்லோர் முன்னாலும் இருக்கட்டும்.

பழைய வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து நீங்களாகவே விலகிவிடுவது நல்லது. உங்களைத் திட்டவும் அவர்களுக்கு ஓர் இடம் வேண்டுமே!

படி 5: குறித்து வையுங்கள்
யாரிடம் என்ன சொன்னீர்கள், யாருக்கு லீவு கொடுத்தீர்கள் என்று தேதியோடு தினமும் இரண்டு வரி எழுதுங்கள். ஆண்டு மதிப்பீடு எழுத உட்காரும்போது அந்த நோட்டுதான் கை கொடுக்கும்.