மழலையர் கல்வி நிர்வாகத்தில் மேற்பார்வையுடன் தலைமைப் பயிற்சி பெறுவது எப்படி?

வகுப்பை நன்றாக நடத்துபவர் நிறுவனத்தையும் நன்றாக நடத்துவார் என்ற நம்பிக்கையில், பல மழலையர் பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் மூத்த ஆசிரியர் ஒருவரை ஒரே நாளில் நிர்வாகி ஆக்கிவிடுகிறார்கள். இருபது குழந்தைகளை வட்டமாக உட்கார வைத்துக் கதை சொல்லத் தெரிந்த அவருக்கு, தன்னைவிடப் பத்து ஆண்டு மூத்த ஊழியரிடம் குறையை எடுத்துச் சொல்லவோ, வரவு செலவுத் திட்டத்தைப் படித்துப் பார்க்கவோ, கோபத்துடன் வந்து நிற்கும் பெற்றோரிடம் நிதானமாகப் பேசவோ யாரும் கற்றுக்கொடுத்திருக்க மாட்டார்கள். இவற்றையெல்லாம் பதவியேற்ற பிறகு தவறு செய்துதான் கற்க வேண்டும் என்றால், அந்தத் தவறுகள் குழந்தைகளின் தலையில்தான் விடியும். பொறுப்பு முழுமையாகக் கைக்கு வருவதற்கு முன்பே, அனுபவம் உள்ள ஒருவரின் பார்வையில் அதைச் சிறிது சிறிதாகச் சுமந்து பழகுவதே மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி.

நிர்வாகியின் பின்னாலேயே நடந்து வேடிக்கை பார்ப்பதற்கு முதல் வாரம் போதும். அதன் பிறகு நீங்களே முடிவெடுக்க வேண்டிய வேலை ஒன்றாவது உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்த முடிவுக்குப் பொறுப்பேற்கும் மேற்பார்வையாளர் ஒருவரும், அதைப் பற்றி அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கென்று ஒதுக்கப்பட்ட நேரமும் இருக்க வேண்டும். இந்த மூன்றில் எது இல்லாவிட்டாலும், எத்தனை மணி நேரம் கணக்குக் காட்டினாலும் அது பயிற்சி ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

பட்டப்படிப்பின் பகுதியாகக் களப்பயிற்சி செய்பவர்களுக்கு இடத்தைக் கல்லூரியே ஏற்பாடு செய்துவிடக்கூடும். ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் தங்கள் நிறுவனத்திலேயே பயிற்சியைக் கேட்டுப் பெறலாம். ஆனால் அங்கே வழக்கமான வகுப்பு வேலையோடு கூடுதல் வேலையாக நிர்வாகமும் சேர்ந்துகொள்ளும் ஆபத்து உண்டு. வாரத்தில் குறிப்பிட்ட மணி நேரம் வகுப்பிலிருந்து உங்களை விடுவித்து, அந்த நேரத்திற்கு மாற்று ஆசிரியரை ஏற்பாடு செய்வதை முதல் நிபந்தனையாக வையுங்கள். முடிந்தால் பயிற்சியின் ஒரு பகுதியையாவது வேறொரு நிறுவனத்தில் செய்யுங்கள், ஏனெனில் ஒரே இடத்தில் பல ஆண்டுகள் இருந்தவருக்கு அங்கே நடப்பது மட்டுமே முறை என்று தோன்றிவிடும்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய பதவியைவிட, நேரத்தையும் மனப்பான்மையையும் பாருங்கள். உங்கள் சம்பள உயர்வை முடிவு செய்பவரிடம் நீங்கள் செய்த தவறுகளைத் திறந்து சொல்வது எளிதல்ல. எனவே கூடுமானவரை அந்த இருவரும் வெவ்வேறு ஆட்களாக இருப்பது நல்லது. முதல் சந்திப்பில், அண்மையில் எடுத்த முடிவுகளில் எதை இப்போது வேறு விதமாக எடுப்பீர்கள் என்று அவரிடம் பணிவுடன் கேட்டுப் பாருங்கள். தயங்காமல் ஒன்றைச் சொல்லி அதன் காரணத்தையும் விளக்குபவரிடம் நீங்கள் நிறையக் கற்கலாம்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒரு பக்க ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். அதில் பயிற்சியின் நோக்கமும் மணிக்கணக்கும் இருந்தால் மட்டும் போதாது. நீங்களே முடிவெடுத்துவிட்டுப் பிறகு தெரிவிக்கக்கூடியவை எவை, முன்கூட்டியே கேட்க வேண்டியவை எவை, தொடவே கூடாதவை எவை என்று மூன்றாகப் பிரித்து எழுதுவதுதான் அந்தத் தாளின் உயிர். மாற்று ஆசிரியரை அழைப்பது முதல் வகையிலும், கட்டணச் சலுகை தருவது இரண்டாவதிலும், ஊழியரை நீக்குவது மூன்றாவதிலும் வரலாம். ஒரு குழந்தை துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் எழுந்தால் மட்டும் இந்த வரிசை எதுவும் பொருந்தாது. அதை உடனே தெரிவிக்கும் கடமையைப் பல நாடுகளின் சட்டங்கள் ஒவ்வொரு ஊழியர் மீதும் தனித்தனியாகச் சுமத்துகின்றன என்பதால், யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பதை முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நிர்வாகத்தின் சாரம் பெரும்பாலும் காலை முதல் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். எட்டுக் கைக்குழந்தைகளும் இரண்டு பராமரிப்பாளர்களும் உள்ள ஓர் அறையை எண்ணிப் பாருங்கள். அமெரிக்காவின் தேசிய இளங்குழந்தைக் கல்விச் சங்கம் கைக்குழந்தைகளுக்கு நான்கு பேருக்கு ஒரு பெரியவர் என்றும், நான்கு வயதினருக்குப் பத்துப் பேருக்கு ஒருவர் என்றும் பரிந்துரைக்கிறது. ஏழேகால் மணிக்குப் பராமரிப்பாளர் ஒருவர் காய்ச்சல் என்று தொலைபேசியில் சொல்கிறார். பக்கத்து அறையில் நான்கு வயதுக் குழந்தைகள் பதினான்கு பேருக்கு ஆசிரியர்கள் இருவர் இருக்கிறார்கள்; ஒருவரை நகர்த்தினால் அங்கே கணக்கு உதைக்கும். நீங்களே கைக்குழந்தைகள் அறைக்குப் போய் உட்கார்ந்தால் எண்ணிக்கை சரியாகிவிடும். ஆனால் எட்டு மாதக் குழந்தைக்கு எண்ணிக்கை தெரியாது, முகம்தான் தெரியும். புதிய முகத்தைக் கண்டு ஒன்று அழ, அதைப் பார்த்து மற்றவையும் அழும். நான் பயிற்சியில் இருந்தபோது இதே நிலையில் கைக்குழந்தைகளிடம் ஓடப் போனேன். என் மேற்பார்வையாளர் என்னைத் தடுக்கவில்லை; “அந்த அறையில் முன்பு வேலை பார்த்தவர் யார்?” என்று மட்டும் கேட்டார். நான்கு வயதினரின் துணை ஆசிரியர்தான் அவர். அவரைக் கைக்குழந்தைகளிடம் அனுப்பிவிட்டு, ஆசிரியத் தகுதி இருந்த நான் பெரிய குழந்தைகளோடு அமர்ந்தேன். கட்டளையாக இல்லாமல் கேள்வியாக வந்த அந்த ஒரு வரியைப் போலத்தான் நல்ல மேற்பார்வை இருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

இத்தகைய நிகழ்வுகளை அன்றன்றே குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். என்ன கண்டீர்கள், என்ன செய்தீர்கள், ஏன் செய்தீர்கள், வேறு என்ன செய்திருக்கலாம் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் அரைப் பக்கமே போதும். குழந்தைகள், பெற்றோர், ஊழியர்கள் எவருடைய பெயரும் அதில் வரக் கூடாது. வாரம் ஒரு முறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் மேற்பார்வையாளரோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்தக் குறிப்புகளில் ஒன்றை மட்டும் எடுத்து ஆழமாகப் பேசுங்கள். வேலை நெருக்கடியில் முதலில் பலியாவது இந்தச் சந்திப்புதான். தள்ளிப் போனால் அதே வாரத்தில் மாற்று நேரம் கேட்டு வாங்குங்கள்.

வளர்ந்தவர்களை வழிநடத்துவதே இந்தத் துறையில் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது, அதனால் பயிற்சி நேரத்தில் பெரும்பங்கை அதற்கே கொடுக்கலாம். ஒரு வகுப்பை இருபது நிமிடம் கவனித்து, கண்டதை மட்டும் எழுதிப் பழகுங்கள். “வகுப்பில் ஈடுபாடு குறைவு” என்பது தீர்ப்பு. அதைக் கேட்ட ஆசிரியர் தற்காப்பில் இறங்கிவிடுவார். “கதை நேரத்தில் நான்கு குழந்தைகள் கேள்வி கேட்டார்கள், இரண்டு பேருக்குப் பதில் கிடைத்தது” என்பது கண்ணால் கண்டது. அதிலிருந்து உரையாடல் தொடங்கும். முதல் இரண்டு முறை மேற்பார்வையாளரும் உடனிருந்து, நீங்கள் பேசும் விதத்தைக் கவனித்துச் சொல்லட்டும். குழந்தை கடித்துவிட்டது போன்ற செய்தியைப் பெற்றோரிடம் சொல்லும் பேச்சுக்கும் இதே முறை உதவும். நடந்ததையும் செய்த முதலுதவியையும் தெளிவாகச் சொல்லுங்கள். கடித்த குழந்தையின் பெயரை மட்டும் எவ்வளவு வற்புறுத்தினாலும் சொல்லாதீர்கள்.

பணக் கணக்கைக் கண்டு ஒதுங்க வேண்டாம். செலவில் மிகப் பெரிய பங்கு ஊழியர் சம்பளம் என்பதும், ஓர் அறையில் இரண்டு இடங்கள் காலியானாலும் அந்த அறையின் சம்பளச் செலவு குறையாது என்பதும் ஒரு மாதக் கணக்கைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

தரத்தை அளக்க, ஒன்று முதல் ஏழு வரை மதிப்பெண் தரும் அளவுகோல்கள் புழக்கத்தில் உள்ளன. 1980-இல் வெளிவந்த மழலையர் சூழல் அளவுகோல் வகுப்பறையைப் பார்க்கிறது. 2004-இல் வந்த நிர்வாக அளவுகோல் பணியாளர் நிர்வாகம், நிதி, குடும்பங்களோடு உறவு போன்றவற்றைப் பார்க்கிறது. இரண்டாவதில் ஒரு பகுதியை நீங்களும் மேற்பார்வையாளரும் தனித்தனியாக மதிப்பிட்டு ஒப்பிடுங்கள். மதிப்பெண் வேறுபடும் இடங்களில்தான் நீங்கள் கவனிக்கத் தவறியது இருக்கும்.

இவற்றோடு, தொடக்கம் முதல் முடிவு வரை நீங்களே நடத்தும் திட்டம் ஒன்றையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிய ஊழியருக்கான முதல் வார அறிமுகத்தை வகுப்பது போன்ற சிறிய வேலையே போதும். நீங்கள் போன பிறகும் அதைத் தொடர்ந்து நடத்தப் போகிறவரைத் தொடக்கத்திலேயே உடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி வாரங்களில், மேற்பார்வையாளர் கட்டடத்தில் இருந்தாலும் அலுவலகத்திற்கு வராமல், ஒரு முழு நாளை உங்களிடம் ஒப்படைக்கும்படி கேளுங்கள். பயிற்சி முடிந்ததும் அவரிடம் கடிதம் கேட்கும்போது, நல்லவர், உழைப்பாளி என்ற பொதுச் சொற்களோடு நிறுத்தாமல், எந்தெந்த முடிவுகளை உங்களைத் தனியாக எடுக்க விட்டார் என்பதையும், அந்த நாளை நீங்கள் எப்படிக் கையாண்டீர்கள் என்பதையும் அதில் குறிப்பிடச் சொல்லுங்கள்.