கன்சல்டிங்தான் குறி என்றால் எந்த எம்பிஏ?

ரேங்கிங்கை ஓரமாக வையுங்கள். வணிகப் பள்ளிகள் வெளியிடும் வேலைவாய்ப்பு அறிக்கையைத் திறந்து மெக்கின்சி, பிசிஜி, பெய்ன் ஆகிய மூன்று பெரிய கன்சல்டிங் நிறுவனங்கள் எத்தனை பேரை எடுத்தன என்று பாருங்கள், அப்புறம் அதில் எத்தனை பேர் ஏற்கெனவே அங்கே வேலை செய்து, நிறுவனச் செலவில் படித்துவிட்டுத் திரும்பியவர்கள் என்றும் பாருங்கள், ஏனென்றால் அந்த இடங்கள் உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

பிரான்சிலுள்ள இன்சியாட் வணிகப் பள்ளியில் எம்பிஏ படிப்பு 10 மாதம்தான். ஜனவரியில் சேர்ந்தால் கோடைகால இன்டர்ன்ஷிப்புக்கு இடைவெளி உண்டு, ஆகஸ்டில் சேர்ந்தால் இல்லை. வங்கியிலிருந்து துறை மாறுபவருக்கு இது பெரிய விஷயம். கொழும்பில் வேலையை விடாமல் படிக்க பிஐஎம் (முகாமைத்துவப் பட்டப்பின் படிப்பு நிறுவனம்), கொழும்புப் பல்கலைக்கழகம் இருக்கின்றன.

பணம் கட்டுமுன் லிங்க்ட்இனில் அந்தப் பள்ளியில் படித்த இலங்கையர் இரண்டு பேரைத் தேடிக் கதையுங்கள். எந்த நாட்டு அலுவலகம் எடுத்தது, விசா யார் பொறுப்பு, கேஸ் இன்டர்வியூவுக்கு (ஒரு வணிகச் சிக்கலைத் தந்து தீர்க்கச் சொல்லும் நேர்காணல்) யாரோடு பயிற்சி செய்தீர்கள் என்று நேராகவே கேளுங்கள்.