பிள்ளையின் வெந்நீர் பாட்டிலை மாற்றுவது எப்படி?

எங்கள் கோத்தகிரியில் உறைபனிக் காலம் வந்துவிட்டால் எந்தப் பிள்ளையும் பச்சைத் தண்ணீரைத் தொடாது. அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி, மூடியைத் திருகிப் பையில் சொருகிவிடுவோம். நானும் மூன்று வருடம் அதைத்தான் செய்தேன். ஒருநாள் பாட்டிலைக் கழுவும்போது அடியைத் திருப்பிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கின் வகையைக் காட்டும் முக்கோணத்துக்குள் 7, அதன் கீழே ‘பிசி’. அதாவது பாலிகார்பனேட்.

அதைத் தயாரிக்க உதவும் பிஸ்பீனால் ஏ (சுருக்கமாக பிபிஏ) உடம்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போல நடந்துகொள்ளும் என்பது 1930களிலேயே தெரியும். சூடு ஏற ஏறத் தண்ணீரில் அதிகமாகக் கசியும். நம் நீலகிரி மாவட்டத்துப் பிளாஸ்டிக் தடை குப்பையையும் காட்டையும் நினைத்து வந்தது. சமையலறைப் பாட்டிலை நாம்தான் பார்க்க வேண்டும்.

முதலில் வீட்டிலுள்ள எல்லாப் பாட்டில், டப்பாக்களையும் கவிழ்த்துப் பாருங்கள். 7-இல் பல வகை உண்டு. ‘பிசி’ என்றிருந்தால் எடுத்துவிடுங்கள். 3 என்பது பிவிசி. அதை வளைய வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகளும் ஹார்மோன்களைக் குலைப்பவை. 5 (பாலிபுரொப்பிலீன்) போட்ட டப்பாவில் நான் பருப்பு, கடுகு மட்டும் வைக்கிறேன். ‘பிபிஏ ஃப்ரீ’ என்ற எழுத்தை நம்பி வாங்காதீர்கள். அதற்குப் பதிலாகப் பல இடங்களில் சேர்க்கும் பிஸ்பீனால் எஸ்ஸும் (பிபிஎஸ்) அதே வேலையைச் செய்யக்கூடியது.

அடுத்தது ஸ்டீல் பாட்டில். நான் திணறியது இங்கேதான். முதலில் ஒற்றைச் சுவர் பாட்டில் வாங்கினேன். கையில் பிடிக்க முடியாத சூடு, பத்து மணிக்கெல்லாம் ஜில்லென்று ஆகிவிட்டது. அப்புறம் ஃபிளாஸ்க் வாங்கிக் கொதிநீரை நிரப்பினேன். மதியம் வரை சூடு ஆறவில்லை, சின்னவன் நாக்கைச் சுட்டுக்கொண்டு வந்தான். இப்போது இப்படிச் செய்கிறேன்: இரவே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஸ்டீல் பாத்திரத்தில் மூடி வைப்பேன். காலையில் அதில் முக்கால் பங்கை ஃபிளாஸ்க்கில் ஊற்றி, புதிதாகக் கொதித்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பேன். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டால் இதமாக இருக்க வேண்டும். அந்தச் சூடு மதியம் வரை நிற்கிறது.

மூடியையும் பாருங்கள். ஆவி பட்டு மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். அது திரும்பத் தண்ணீரில்தான் சொட்டும். உள்மூடியும் ஸ்டீலாக, சிலிக்கோன் வளையத்தோடு இருப்பதே நல்லது. உறிஞ்சுகுழல் வைத்த மூடி வேண்டவே வேண்டாம்.

சோற்றுக்கு ஸ்டீல் டிபன் பாக்ஸ். கடையில் சாம்பார் வாங்கத் தூக்குப்போசி.

பவுடர், லோஷனில் ‘ஃபிராக்ரன்ஸ்’ என்று மட்டும் போட்டிருந்தால் அதற்குள் தாலேட் இருக்கலாம். நான் வாசனையில்லாததையே வாங்குகிறேன்.

பின்சேர்க்கை: கேத்தியிலிருந்து ஓர் அம்மா, “இத்தனை வருஷம் கொடுத்துட்டேனே அக்கா” என்று எழுதியிருந்தார். மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். உடம்புக்குள் போகும் பிபிஏ பெரும்பாலும் ஒரு நாளுக்குள் சிறுநீரில் வெளியேறிவிடும். இன்று பாட்டிலை மாற்றினால் இன்றிலிருந்தே குறையும். வீட்டில் கர்ப்பிணியோ கைக்குழந்தையோ இருந்தால் அவர்களுடைய பாட்டிலிலிருந்து தொடங்குங்கள்.